சீமைக்கருவேலத்தை வெட்டுவதற்கு முன் வன்னியை அடையாளம் காணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிக் கண்மாய்கள் வற்றியதும் எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேல மரங்களை அகற்றும் பணி சூடு பிடித்திருக்கிறது. அந்தப் பணி தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், சீமைக்கருவேலத்தைப் போலவே தோற்றம் தரும் வன்னி, கருவேல், வெள்வேல், குடைவேல் ஆகிய நம் மண்ணின் மரங்களும் வேறுபாடு தெரியாமல் அதனோடு சேர்த்து வெட்டப்பட்டு வருகின்றன. இலை, முள், பட்டை ஆகிய மூன்றையும் சற்று நின்று பார்த்தால் இந்த மரங்களை எவரும் பிரித்தறிய முடியும் என்பதைத் தங்கள் நாளிதழின் வழியாகப் பொதுமக்களுக்கும், ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும், மரம் வெட்டும் பணியை ஏலம் எடுப்பவர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராகத் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகிய பகுதிகளுக்குரிய சீமைக்கருவேலம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தது. வறண்ட நிலத்திலும் உவர் நிலத்திலும் வளர்ந்து விறகு தரும் என்பதே அதை வரவேற்றதற்குக் காரணம். இனிப்புச் சதையுள்ள அதன் காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்று, செரிக்காத விதைகளைச் சாணத்தோடும் புழுக்கையோடும் போகும் இடமெல்லாம் பரப்பின. இன்று வேலிகாத்தான், வேலிக்கருவை என்று பல பெயர்களில் அது கண்மாயையும் மேய்ச்சல் புறம்போக்கையும் நிறைத்து நிற்கிறது. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றுமாறு பிறப்பித்த உத்தரவுகளும், 2022ஆம் ஆண்டில் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்துத் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையும் இந்தப் பணிக்கு வலுச் சேர்த்தன. அகற்ற வேண்டும் என்ற முடிவு எடுத்தாயிற்று. எதை அகற்றுகிறோம் என்று பார்ப்பதற்குத்தான் களத்தில் எவரும் நியமிக்கப்படுவதில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கண்மாயில் பொக்லைன் இயந்திரம் வேலை முடித்துப் போன பிறகு, கரையோரம் குவித்திருந்த மரங்களை நான் நடந்து பார்த்தேன். பெரும்பகுதி சீமைக்கருவேலம்தான். ஆனால் அந்தக் குவியலின் அடியில் சாம்பல் நிறப் பட்டையும் ஆழ்ந்த வெடிப்புகளும் கொண்ட, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனுள்ள வன்னி மரம் வேரோடு கிடந்தது. அதற்கு அருகே கருவேல மரங்களும் கிடந்தன. ஏலம் எடுத்தவரிடம் கேட்டபோது, முள் உள்ளதை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள் என்று பதில் சொன்னார். அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தரப்பட்ட ஏலத் தாளில் முள்மரங்கள் என்று மட்டுமே எழுதியிருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு இயற்கையான காரணம் உண்டு. இம்மரங்கள் அனைத்தும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் இலை இரண்டு முறை பிரிந்திருக்கும்: ஒரு நடுக்காம்பிலிருந்து பக்கக்காம்புகள் இணை இணையாகக் கிளைக்கும், அந்தப் பக்கக்காம்புகளில் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். எல்லாவற்றிலும் முள் உண்டு. வன்னியும் சீமைக்கருவேலமும் அண்மைக்காலம் வரை ப்ரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன; 2022ஆம் ஆண்டில்தான் வகைப்பாட்டியலாளர்கள் சீமைக்கருவேலத்தை நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். தாவரவியலே அவ்வளவு காலம் ஒன்றாக வைத்திருந்த இரண்டு மரங்களை, இயந்திரத்தின் மேல் அமர்ந்து தூரத்திலிருந்து பார்ப்பவர் ஒன்றாகக் கருதுவதில் வியப்பில்லை. அதனால்தான் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் இலை. ஓர் இலையைப் பறித்து, நடுக்காம்பிலிருந்து எத்தனை இணைப் பக்கக்காம்புகள் பிரிகின்றன என்று எண்ணினால் பாதி வேலை முடிந்துவிடும். ஓர் இணையோ இரண்டு இணைகளோ இருந்தால், சில சமயம் மூன்று இணைகள் இருந்தால், அது சீமைக்கருவேலமாகவோ வன்னியாகவோ இருக்க வேண்டும். அதைவிட மிகுதியாக, நான்கு, ஐந்து, எட்டு என்று இணைகள் அடுக்கியிருந்தால் அது கருவேல் அல்லது வெள்வேல் பக்கத்தைச் சேர்ந்தது. கருவேலில் மூன்று இணைகள் மட்டுமே உள்ள இலைகளும் இடையிடையே வரும். ஆகவே ஒரே இலையை வைத்து முடிவு செய்யாமல், ஒரு கிளையில் பல இலைகளைப் பார்த்துப் பெரும்பான்மையைக் கொள்வது நல்லது. வெள்வேலில் பக்கக்காம்புகள் இன்னும் மிகுந்து, சிற்றிலைகள் மிகச் சிறியவையாக நெருங்கியிருப்பதால், முழு இலையும் மெல்லிய இறகுபோல் காணப்படும்.

ஆனால் இந்த எண்ணிக்கை வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் பிரிக்காது. அதற்குச் சிற்றிலையின் நிறத்தையும் அமைப்பையும் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தின் சிற்றிலைகள் நல்ல பச்சை நிறத்தில், சற்று நீண்டு, மழுங்கிய நுனியோடு இருக்கும். மரம் முழுவதும் கோடையிலும் பசுமையாகத் தெரிவதற்கு அதுவே காரணம். வன்னியின் சிற்றிலைகள் சாம்பல் பூத்த பச்சை நிறமுடையவை. நுனியில் ஊசிபோல் மிகச் சிறிய கூர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டையும் கையில் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு ஐயம் வருவதில்லை. ஒற்றை இலையை மட்டும் பார்ப்பவருக்குத் தடுமாற்றம் இருக்கலாம் என்பதால், அடுத்த அடையாளத்தையும் கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த அடையாளம் முள் இருக்கும் இடம். என் அனுபவத்தில் இதைவிட உறுதியானது வேறில்லை. சீமைக்கருவேலத்தில் முள் எப்போதும் கணுவில், அதாவது இலை புறப்படும் இடத்திலேயே, ஒன்றாகவோ இரண்டாகவோ தோன்றும். நேரானது, நீளமானது, காலில் ஏறினால் ஒடிந்து உள்ளே தங்கிவிடக்கூடியது. இலை புறப்படும் ஒவ்வொரு கணுவிலும் இளங்கிளை இப்படியும் அப்படியுமாக வளைந்து செல்லும். வன்னியிலோ முட்கள் கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். அவை குட்டையானவை, அடி அகன்று கூம்பு வடிவில் தட்டையாக இருப்பவை. கிளையின் மேல் விரலை மெல்ல ஓட்டினாலே இது தெரிந்துவிடும். கருவேலிலும் வெள்வேலிலும் முட்கள் கணுவில்தான் இருக்கும். ஆனால் இலையடிச் செதில்களே முள்ளாக மாறியவை என்பதால் அவை எப்போதும் இணையாக நிற்கும். பெரும்பாலும் வெளிறிய வெண்மை நிறத்தில் இருக்கும். இளங்கருவேல மரங்களில் அவை மிக நீளமாகவும் இருக்கும்.

மரம் முதிர்ந்திருந்தால் பட்டை ஒன்றே போதும் என்று சொல்லலாம். வன்னியின் பட்டை சாம்பல் நிறம்; தடிப்பானது; நெடுக்கிலும் குறுக்கிலும் ஆழமாக வெடித்துச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்து, விளிம்புகள் மெல்லிய சில்லுகளாக உரியும். அம்மரத்தின் அறிவியல் பெயரிலேயே சாம்பல் நிறம் என்ற பொருள் அமைந்திருக்கிறது. கருவேலின் பட்டை கரும்பழுப்பிலிருந்து கறுப்பு வரை செல்லும். அதன் வெடிப்புகள் மேலிருந்து கீழாக நீண்ட பள்ளங்களாக ஓடும். கீறிப் பார்த்தால் உட்பட்டை செம்மையாக இருக்கும். காயம்பட்ட இடத்தில் பிசின் கட்டியிருக்கும். தோல் பதனிடுவதற்கு நெடுங்காலம் பயன்பட்டது இந்தப் பட்டைதான். வெள்வேலின் பட்டை, பெயருக்கேற்ப, வெளிர் சாம்பலும் மஞ்சளும் கலந்த வெண்மையோடு மற்ற முள்மரங்களின் நடுவே தூரத்திலிருந்தே தனித்துத் தெரியும். மிக முதிர்ந்த அடிமரத்தில் மட்டும் அது கறுத்துச் சொரசொரப்பாகும். சீமைக்கருவேலத்தின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு, சொரசொரப்பானது, மேலோட்டமான வெடிப்புகளைக் கொண்டது. வன்னியில் காணும் கட்டம் கட்டமான ஆழ்ந்த பிளவு அதில் இருப்பதில்லை.

பட்டையைப் பார்க்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களின் அடிப்பகுதியில் வண்டல் படிந்து எல்லா மரமும் ஒரே நிறமாகத் தெரியும். சாலையோர மரங்களில் புழுதியும் சுண்ணாம்புப் பூச்சும் இருக்கும். கரிமூட்டம் போட்ட இடங்களுக்கு அருகே நிற்பவை புகையில் கறுத்திருக்கும். ஆகையால் நீர் நின்ற தடத்துக்கு மேலே, மார்பளவு உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள பட்டையைப் பார்ப்பதே சரியாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது இளஞ்செடிகளை அடையாளம் காண்பது. ஏனெனில் அவற்றில் பட்டை இன்னும் உருவாகியிருக்காது. ஆடுகள் திரும்பத் திரும்பக் கடித்த வன்னி, மரமாக எழ முடியாமல் இடுப்பளவு முட்புதராகவே பல ஆண்டுகள் நிற்கும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் அது மீண்டும் துளிர்ப்பதும் புதர்த் தோற்றத்தையே தரும். பார்ப்பவர் அதைச் சீமைக்கருவேலப் புதர் என்றே நினைப்பார். இங்கே முள் இருக்கும் இடம் ஒன்றுதான் நம்பக்கூடிய சான்று. கூடவே இன்னொரு குறிப்பும் உதவும்: ஆடுகள் வன்னித் தழையை விரும்பி உருவித் தின்னும்; சீமைக்கருவேலத்தின் காயை விரும்பும் அளவுக்கு அதன் தழையை விரும்புவதில்லை. மேய்ச்சல் நிலத்தில் அருகருகே நிற்கும் இரண்டு புதர்களில் எதன் தழை கடிபட்டிருக்கிறது என்று பார்த்தே எங்கள் பகுதியின் ஆட்டுக்காரர்கள் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களிடம் இந்த அறிவு நிரம்ப இருக்கிறது. மரம் அகற்றும் பணியைத் திட்டமிடும் எந்தக் கூட்டத்துக்கும் அவர்கள் அழைக்கப்படுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தென் மாவட்டங்களுக்கு உரிய குடைவேல் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடை மரம் என்று இங்கே வழங்கும் இது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மணற்பாங்கான நிலங்களில், விரித்த குடைபோல் மேற்புறம் தட்டையாகப் படர்ந்து நிற்கும். வளர்ந்த மரத்தை எவரும் தவறாகக் கருத மாட்டார்கள். விறகுக்காக அடிக்கடி வெட்டப்பட்டுக் குடை வடிவத்தை இழந்த மரங்களே ஆபத்தில் இருக்கின்றன. அவற்றில், நீண்டு நேராக வெளுத்திருக்கும் முட்களும், குட்டையாகக் கொக்கிபோல் வளைந்த முட்களும் ஒரே கிளையில் கலந்திருப்பதைப் பார்க்கலாம்; சிற்றிலைகளோ கண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறியவை. இந்தக் கலப்பு முள் சீமைக்கருவேலத்தில் கிடையாது.

பூக்கும் காலமாக இருந்தால் வேலை இன்னும் எளிது. கருவேல் மஞ்சள் உருண்டைகளாகவும், வெள்வேல் வெண்மை கலந்த சிறு உருண்டைகள் பெருங்கொத்துகளாகவும் பூக்கும். வன்னியும் சீமைக்கருவேலமும் நீண்ட கதிர்களாகப் பூக்கும். காய்களில், கருவேலின் காய் விதைக்கு விதை இறுகி மணிமாலை போன்றிருக்கும். வன்னியின் காய் மெலிந்து உருண்டு தொங்கும். சீமைக்கருவேலத்தின் காய் மஞ்சளாகத் தடித்துத் தட்டையாக இருக்கும். ஆனால் அகற்றும் பணி பூவுக்கும் காய்க்கும் காத்திருப்பதில்லை என்பதால் இலையையும் முள்ளையும் பட்டையையும் பற்றியே விரிவாக எழுதினேன்.

முள்மரம்தானே, ஒன்றிரண்டு போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வன்னி மிக மெதுவாக வளரும் மரம். இன்று வேரோடு பெயர்க்கப்படும் ஒரு பெரிய வன்னிக்கு ஈடாக நடும் கன்று, அந்த உருவத்தை அடைவதை நம்மில் முதியவர்கள் பார்க்கப் போவதில்லை. அதன் ஆணிவேர் மிக ஆழத்துக்குச் செல்வதால் பயிரோடு நீருக்குப் போட்டியிடாமல் வயலின் நடுவிலேயே நிற்கக்கூடியது. இராஜஸ்தானில் கேஜ்ரி என்ற பெயரில் அதைக் கம்பு வயல்களில் நிறுத்தி வைத்துத் தழையைக் கால்நடைக்கும் காயைக் கறிக்கும் பயன்படுத்துகிறார்கள். அம்மாநிலத்தின் மாநில மரமும் அதுவே. அதைக் காக்க 1730ஆம் ஆண்டில் கேஜர்லி என்ற ஊரில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். தெலங்கானாவும் ஜம்மி என்ற பெயரில் அதையே மாநில மரமாக ஏற்றிருக்கிறது. நம்மிடம் விருத்தாசலம் போன்ற தலங்களில் அது தலமரமாக இருப்பதால் கோயிலுக்குள் பாதுகாப்பாக நிற்கிறது. கோயில் மதிலுக்கு வெளியே, ஓடைக்கரையில் நிற்கும் அதே வன்னிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கருவேலும் வெள்வேலும் குறைந்தவை அல்ல. கண்மாய்களில் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான். அவற்றை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டால் அடுத்த பருவத்தில் அப்பறவைகளுக்கு அந்தக் கண்மாயில் இடமில்லை. கொங்குப் பகுதியில் காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லோடு வெள்வேலையும் வளர்த்து, அதன் நிழலையும் காயையும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தந்து உழவர்கள் பயன்பெற்று வருகிறார்கள். ஒரு பகுதியில் மேய்ச்சல் நிலத்தின் உயிராக மதிக்கப்படும் மரம் இன்னொரு பகுதியில் களை என்று பிடுங்கப்படுவதை ஏற்க முடியவில்லை.

ஆகவே, மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊராட்சிகளுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஏலம் விடுவதற்கு முன்பே, வனத்துறைப் பணியாளர் ஒருவர், தாவரவியல் தெரிந்த ஆசிரியர் ஒருவர், அந்த ஊரின் ஆட்டுக்காரர் ஒருவர் ஆகியோர் கண்மாய் முழுவதும் நடந்து, நிற்க வேண்டிய மரங்களின் அடிமரத்தில் வண்ணப் பட்டை தீட்டட்டும். அகற்ற வேண்டியவற்றைக் குறிப்பதைவிட இதுவே சரியான முறை; ஏனெனில் அகற்ற வேண்டியவை ஆயிரக்கணக்கில் இருக்கும், நிற்க வேண்டியவை சிலவே. குறியிட்ட மரங்களின் எண்ணிக்கையை ஏல ஆவணத்திலேயே எழுதி, பணி முடிந்ததும் அவை நிற்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு வைப்புத்தொகையைத் திருப்பித் தரலாம். இளஞ்செடிகள் நிற்கும் பகுதியில் இயந்திரத்தை இறக்காமல், ஆள்வைத்து முள்ளைப் பார்த்து எடுப்பது செலவு கூடினாலும் அவசியமானது. சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் மரம் வெட்டுவதை அறவே நிறுத்த வேண்டும். அந்த வெளிச்சத்தில் இலையின் நிறமும் பட்டையின் நிறமும் தெரியாது.

பள்ளிகளுக்கும் இதில் இடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர்களால் பக்கக்காம்புகளை எண்ண முடியும், முள் கணுவில் இருக்கிறதா இடையில் இருக்கிறதா என்று சொல்ல முடியும். ஊர்க் கண்மாயில் ஒரு நாள் வகுப்பு நடத்தினால் அந்த ஊருக்கே ஒரு மரக் கணக்கு கிடைத்துவிடும்.

இறுதியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். சீமைக்கருவேல அகற்றம் பற்றிய செய்திகளோடு வெளியாகும் படங்களில், சில நாளிதழ்களில், மஞ்சள் உருண்டைப் பூக்களோடு கூடிய கருவேலும் வெண்பட்டை கொண்ட வெள்வேலும் இடம்பெற்றிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் பலரும் அந்தப் படத்தைப் பார்த்தே மரத்தை அடையாளம் கொள்கிறார்கள். எனவே, இந்த ஐந்து மரங்களின் இலை, முள் அமைந்த கிளை, மார்பளவு உயரத்துப் பட்டை ஆகியவற்றை அருகருகே காட்டும் படங்களைத் தங்கள் நாளிதழில் ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மழைக்குமுன் எங்கள் பகுதியில் இன்னும் பல கண்மாய்கள் ஏலத்துக்கு வரவிருக்கின்றன. அதற்குள் அந்தப் பக்கம் வெளிவந்தால், அதைப் படியெடுத்து ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டும் பொறுப்பை நானும் என் பழைய மாணவர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.